மெல்லண்ணன் வண்டி

அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வாடகைக் கார்கள் வரிசைகட்டி நிற்கும் இடத்துக்குப் போய், அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவரும் கை காட்ட மாட்டார்கள். மெல்லண்ணன் என்று கேட்க வேண்டும். ஏறுகிறவர் தையல் பிரிக்காத நோயாளியோ, தையல் போட்டுவிட்டு வீடு திரும்பும் டாக்டரோ, மெல்லண்ணன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "கதவ மெல்ல சாத்துங்க." எங்கே போகணும் என்பதெல்லாம் அதற்கப்புறம். ஒருமுறை சாவு வீட்டுக்குப் போகிற பெண் ஒருத்தி அழுதுகொண்டே ஏறி, அவர் சொல்லுமுன்பே கதவை மெல்லச் சாத்தினாளாம். அன்று முழுவதும் அவளைப் பற்றியே பெருமை பேசிக்கொண்டிருந்தார் என்று ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அறைந்து சாத்தினால்தான் என்ன என்று யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். கதவோரத்து ரப்பர் நசுங்கும். நசுங்கினால் மழைத்தண்ணீர் உள்ளே கசியும். கசிந்தது கால்மிதிக்கு அடியில் தங்கும். தங்கினால் தகரம் துருப்பிடிக்கும். ஒரு கதவில் ஆரம்பித்து வண்டியின் அடிவயிறு வரை போய்விடுவார். அதற்குள் கேட்டவர் இறங்க வேண்டிய இடம் வந்திருக்கும். அவர் கதவை மெல்லச் சாத்திவிட்டுத்தான் போவார்.

வண்டி அப்படி ஒன்றும் பெரிய வண்டி இல்லை. சாம்பல் நிறம், நாலு கதவு. அதே வருஷம் அதே கடையில் வாங்கிய மற்ற வண்டிகளெல்லாம் எப்போதோ உருக்குலைந்து பழைய இரும்புக்குப் போய்விட்டன. மெல்லண்ணனுடையது மட்டும் நேற்று வாங்கியதுபோல நிற்கும். காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால், ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த எண்ணெயின் மட்டத்தை அளவுகோலை உருவிப் பார்ப்பார். பழைய பனியன் துணியில் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி எடுத்து, ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் எண்ணெய், டயரின் வரித்தடம், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வண்டியை ஒரு சுற்று வருவார். மழைபெய்த மறுநாள் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் ஒட்டிய சேற்றைக் கழுவுவார். ஸ்டாண்டில் நிழல் நகர நகர வண்டியையும் நகர்த்துவார். "அந்த வண்டிக்கு ஜலதோஷம் பிடிச்சா இவருதான் தும்முவாரு" என்று பக்கத்து வண்டிக்காரர் சொல்வார். மெல்லண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார். வண்டி பழசாகலாம், கிழடாகக் கூடாது என்பது அவர் கட்சி.

இத்தனையும் செய்கிறவர் இரண்டு காரியங்களை மட்டும் செய்ய மாட்டார். ரசீதுகளை வைத்துக்கொள்ள மாட்டார். அடுத்த எண்ணெய் மாற்றம் எப்போது என்று எழுதி மெக்கானிக் முன்கண்ணாடியின் மூலையில் ஒட்டும் சின்ன ஸ்டிக்கரை, வீடு போய்ச் சேருவதற்குள் நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார். துலக்கிய கண்ணாடியில் ஒரு பொட்டு அழுக்குகூட அவருக்குப் பொறுக்காது. அதோடு, ஸ்டிக்கரெல்லாம் ஞாபகமில்லாத ஆளுக்கு. எந்தப் போல்ட் எந்தக் கோடையில் மாற்றியது என்று தூக்கத்தில் கேட்டாலும் அவர் சொல்வார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர் பல வருஷமாக அந்த வண்டியில்தான் வீட்டுக்குப் போய் வந்தார். அவருக்கு வண்டிமேல் ஒரு கண். "நீங்க எப்போ குடுத்தாலும் எனக்குத்தான் குடுக்கணும்" என்று சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் பேச்சுவாக்கில், செய்த வேலைக்கெல்லாம் கணக்கு, காகிதம் ஏதாவது உண்டா என்று கேட்டார். மெல்லண்ணனுக்குச் சிரிப்பு வந்தது.

"காகிதம் எதுக்கு? அதான் நான் இருக்கேன்ல."

மருந்துக்கடைக்காரரும் சிரித்தார். அது போதும் என்றுதான் அவருக்கும் அப்போது தோன்றியது.

கண் மெல்லண்ணனைக் கைவிடத் தொடங்கியது அதற்குச் சில மாதங்கள் கழித்து. ஒரு சைக்கிள்காரன் பக்கவாட்டிலிருந்து வந்ததை அவர் பார்க்கவே இல்லை. சைக்கிள்காரன் பானெட்டில் ஒரு தட்டுத் தட்டித் திட்டிவிட்டுப் போனபிறகுதான் அப்படி ஒருவன் வந்ததே தெரிந்தது. எத்தனையோ கட்டுப்போட்ட கண்களை ஏற்றி இறக்கிய அதே ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, ஓரப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டுமருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் கண் டாக்டர். இருட்டியபின் ஓட்டவே கூடாது. வருஷம் முடிவதற்குள் பகலிலும் நிறுத்திவிட வேண்டும்.

மெல்லண்ணன் வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பராமரிப்பு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேய்மானம் என்றால் என்னவென்றும்தான்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கணக்குப் போட்டார். மனைவி போனபிறகு அவருக்கென்று இருந்தது மகளும் அந்த வண்டியும்தான். மகளின் கணவர் ஒரு கிடங்கில் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார், கிடங்கை மூடிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டோடு வந்து, மாலை வேளைகளில் மாமனாரின் வண்டியை எடுத்து ஓட்ட ஆரம்பித்திருந்தார். கண் முழுசாகப் போவதற்குள், வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்து, அதில் வருவதை முன்பணமாகக் கட்டி, மாப்பிள்ளை பெயரிலேயே ஒரு புது வண்டி எடுத்துவிட வேண்டும். வாடகைக்கு விட இன்னும் பல வருஷம் தாங்குகிற வண்டி. இத்தனை காலம் துடைத்துத் துடைத்து வைத்ததற்கு அதுதான் பலன். அதற்கப்புறம் கண் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

மாப்பிள்ளை தங்கமான மனிதர். அதில்தான் சிக்கலே. மாமனாரைவிட நல்ல உயரம். சீட்டைப் பின்னால் தள்ளித்தான் ஓட்ட முடியும். ஆனால் இறங்கும்போது மாமா உட்காரும் அளவுக்கே முன்னால் இழுத்து வைத்துவிட்டு இறங்குவார். மெல்லண்ணனும் சும்மா இல்லை, மாப்பிள்ளைக்கு வண்டியை விடும்போது கண்ணாடிகளைத் துடைத்து, சாவியை ஆணியில் மாட்டி, தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டுத்தான் நகர்வார். ஒருவர்மேல் ஒருவருக்கு அத்தனை மரியாதை. மரியாதை மிகுந்துபோய், நேருக்கு நேர் ஒரு கேள்வி கேட்க முடியாமல் போயிற்று. "ஆயில் பாத்தீங்களா" என்று மாப்பிள்ளையிடம் கேட்டால், வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போலாகிவிடும். மாமாவிடம் கேட்டாலோ, வண்டி பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் பெரியவரைச் சந்தேகப்பட்டது போலாகிவிடும்.

அதனால் எல்லாம் மகள் வழியாகத்தான் போயிற்று. அப்பா சொன்னாங்க, பின் டயர்ல காத்து கம்மியாம். அவரு சொன்னாரு, பிரேக் பிடிச்சா லேசா கீச்சுன்னு கேக்குதாம். இரண்டு பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கம் சொல்வாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் கியர் மாதிரி தேயறேன்" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

இந்த நேரத்தில்தான் பெல்ட் பேச்சு வந்தது. எஞ்சினுக்குள் பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று உண்டு. மேலே அசைகிற வால்வுகளும் கீழே அசைகிற பிஸ்டன்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் முறைவைத்து ஓடுவது அதன் தயவில்தான். மூடிக்குள் இருப்பதால் கண்ணில் படாது. தேய்ந்தால் சத்தம் போட்டு முறையிடாது. இன்ன தூரம் ஓடிவிட்டால், நன்றாக இருக்கிறதோ இல்லையோ, மாற்றிவிட வேண்டும். ஓடும்போது அறுந்தால் எஞ்சின் தன்னைத்தானே அடித்துக்கொண்டுவிடும். எண்ணெய் மாற்றப் போன மெல்லண்ணனிடம், பெல்ட்டுக்கு நேரம் வந்துவிட்டது, ஒரு நாள் முழுக்க வண்டியை விட வேண்டியிருக்கும் என்றார் மெக்கானிக். பல்பு மாற்றப் போன மாப்பிள்ளையிடமும் அதையே சொன்னார். இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டதால் ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் செய்துவிடுவார் என்று அவருக்கு நிம்மதி.

ஒரு நாள் முழுக்க வண்டியை விட்டால் மாலை ஓட்டம் மாப்பிள்ளைக்குப் போய்விடும். அதைச் சொல்லாமல் செய்யக் கூடாது. மகளிடம் சொல்லலாம் என்று மெல்லண்ணன் வீட்டுக்கு வந்தால், அவள் வீங்கிய கால்களை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, தலை சுற்றுகிறது என்றாள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரத்த அழுத்தம். எழுந்து நடக்கக் கூடாது, கவலைப்படுகிற மாதிரி எதையும் அவள் காதில் போடக் கூடாது என்றார்கள். மெல்லண்ணன் ஸ்டாண்டில் நின்றபடி மேல்மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய ஜன்னல் எது என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒன்றை வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

வீட்டில் இப்போது இரண்டு ஆண்கள். நடுவில் வாய் இல்லை. ஒருவர் வரும்போது மற்றவர் போவார். "சாப்டீங்களா மாப்பிள்ளை." "ஆச்சு மாமா." அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் வண்டியை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒரு காலை பானெட்டைத் தூக்கிய மெல்லண்ணன், பெல்ட் மூடி துடைத்துச் சுத்தமாக இருப்பதைப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் தூசி, அது மட்டும் பளிச்சென்று. ஓரத்துப் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம். மனசு நிறைந்துவிட்டது. மாலை ஓட்டத்தை விட்டு, ராத்திரியோடு ராத்திரியாகச் சொல்லிக்காட்டாமல் மாற்றியிருக்கிறார், செலவையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டிருக்கிறார். இதைக் கேட்டால் மாப்பிள்ளைக்குக் கூச்சமாகிவிடும். பதிலுக்குத் தானும் சொல்லாமல் ஒன்று செய்ய வேண்டும் என்று, டயர் கடையில் வண்டியை விட்டுச் சக்கரங்களை முன்பின் மாற்றி, டேங்கை நிரப்பிக்கொண்டு வந்தார்.

மாலை சாவியை எடுத்த மாப்பிள்ளை, கால்மிதியில் பட்டறைகளில் விரிக்கிற காகிதம் கிடப்பதைப் பார்த்தார். உள்ளே கிரீஸ் வாடை. டேங்க் நிறைந்திருந்தது. சில நாள் முன்பு அவர்தான் அந்த மூடியைத் துடைத்து, ஒரு போல்ட்டைத் தளர்த்தி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மாமாவைக் கேட்காமல் கைவைப்பது முறையல்ல என்று மறுபடி இறுக்கி வைத்தது. அப்பாடா, பகல் ஓட்டத்தை விட்டு மாமா மாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். மாமா பெரிய மனுஷன், கேட்டால் சங்கடப்படுவார்.

குழந்தை கொஞ்சம் முன்கூட்டியே பிறந்தது. பெண். கையில் வாங்கினால் எடையே தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து, பிறகு தாயிடம் கொடுத்து, ஒருவழியாக வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். கூட்டி வரப் போன அன்றுதான் மாமனாரும் மாப்பிள்ளையும் முதல்முறையாக ஒரே வண்டியில் முன்னால் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை ஓட்டினார். மகளும் குழந்தையும் பின்சீட்டில். கதவுகள் மெல்லச் சாத்தப்பட்டன. ஸ்டாண்டில் இருந்தவர்கள் வரிசையை விலக்கி வழிவிட்டார்கள்.

இத்தனை நாள் மனசில் வைத்திருந்ததைச் சொல்ல இதைவிட நல்ல வேளை வராது என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"பெல்ட் மாத்தினதுலேர்ந்து எஞ்சின் சத்தமே இல்ல மாமா. நல்லா மாத்தியிருக்காங்க."

"எல்லாம் உங்க கை ராசி" என்றார் மெல்லண்ணன். "எங்க குடுத்து மாத்தினீங்க?"

"நான் எங்க மாமா... நீங்கதானே..."

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மெல்லண்ணன் காலுக்குக் கீழே எஞ்சினைக் கேட்டார். இத்தனை வருஷமும் அவருக்குப் பழக்கமான சத்தம்தான். ஆனால் இப்போது அதற்குள்ளே அந்த ரப்பர் பட்டை சுற்றுவது தெரிந்தது. நேரம் கடந்து, யாரும் தொடாமல், சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஓரங்கட்டுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வெயில் கொளுத்தியது. மனைவி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். குழந்தையின் முகத்தில் துணி போட்டிருந்தது.

"பாலம் தாண்டினா வீடுதான் மாமா. மெல்லவே போறேன்."

இன்னொரு முறை சொல்லியிருந்தால் போதும். ஓரங்கட்டுங்க என்று கொஞ்சம் உரக்கச் சொல்லியிருந்தால் மாப்பிள்ளை கட்டாயம் நிறுத்தியிருப்பார். அது மெல்லண்ணனுக்குத் தெரியும். பின்னாளில் எத்தனையோ தடவை அந்த இடத்துக்கே திரும்பிப் போய் நின்றவருக்கு, தெரியாது என்று சொல்லிக்கொள்ள ஒரு வழியும் கிடைக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை ஒன்று சொன்னபிறகு, மகள் எதிரில், அதை மறுத்துப் பேசுவதா? பழகாத நாக்கு எழவில்லை.

"உங்க இஷ்டம்" என்றார்.

பாலத்தின் உச்சியில் அறுந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. யாரோ ஒரு பெட்டிக்குள் கரண்டிகளைக் கொட்டியதுபோல ஒரு கலகலப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பின்னால் வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கியது. மாப்பிள்ளை இரண்டு கையாலும் இழுத்து, இறக்கத்தின் வேகத்திலேயே வண்டியை ஓரச்சுவர் அருகே கொண்டுவந்து நிறுத்தினார். நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் எதையும் பற்றாமல் வெறுமனே விர்ரென்று சுற்றியது. மெல்லண்ணன் கையை நீட்டி மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார்.

"வேணாம். விட்டுடுங்க."

மகளுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் சத்தம் போடவில்லை; குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"நான் இல்லாத இத்தனை நாளும், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஒரு வார்த்த கேட்டுக்கவே இல்லையா?"

ஸ்டாண்டுக்குப் போன் போயிற்று. பக்கத்து வண்டிக்காரர் வந்து தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டார். எப்போதும் ஏதாவது கேலி பேசுகிற மனிதர், அன்று மெல்லண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கதவை மெல்லச் சாத்தினார்.

பட்டறையில் மூடியைக் கழற்றினபோது பெல்ட் நார்நாராக வந்தது. பல்லெல்லாம் உதிர்ந்து ஓர் ஓரத்தில் கிடந்தன. மேலே திறந்து பார்த்ததில் வால்வுகள் வளைந்திருந்தன. மெக்கானிக் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார்.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும்தான் சொன்னேன். யாரு மாத்தறதா இருந்துச்சு?"

"நான்தான்" என்றார் மாப்பிள்ளை.

"இல்ல. நான்தான்" என்றார் மெல்லண்ணன். "தெரிஞ்சப்புறமும் ஓட விட்டது நான்தான். அவரு சின்னவரு. ஓரங்கட்டச் சொல்லிட்டு, நானே வாய மூடிட்டேன்."

மெக்கானிக் கையைத் துடைத்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் இவ்வளவு நல்லவங்களா இருந்தா வண்டி செத்துரும் போலிருக்கே" என்றார்.

சிரிப்பதற்குத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

வால்வு, பெல்ட், கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போட்டு எஞ்சின் உயிர் பெற்றது. மெல்லண்ணன் காது வைத்துக் கேட்டார், நன்றாகத்தான் ஓடியது. இனி வண்டியைக் கைமாற்ற வேண்டியதுதான் பாக்கி, அதற்குள் அவர் பார்வையும் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரரிடம் இதைப் பற்றி மூச்சு விட வேண்டாம் என்றார் மெக்கானிக். முன்னைவிட நல்ல நிலையில் இருக்கிறது, நடந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை, தன் வாயிலிருந்தும் வராது என்றார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். புது வண்டி யாருக்காக என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே சொல்லுங்கள் என்றும் சொல்ல முடியாமல், சொல்லாதீர்கள் என்றும் சொல்ல முடியாமல் நின்றார்.

மெல்லண்ணன் மறுநாள் சாலையைக் கடந்து மருந்துக்கடைக்குப் போனார். கடக்கும்போது தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றார். பிறகு பெல்ட் கதையைச் சொன்னார். மூடி துடைத்திருந்ததைப் பார்த்து ஏமாந்ததைச் சொன்னார். பாலத்துக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டதையும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் வெறும் கவனப்பிசகு என்று போயிருக்கும்.

மருந்துக்கடைக்காரர் மாத்திரைப் பட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை. நியாயமான மனிதர், ஒவ்வொரு பெட்டியிலும் காலாவதித் தேதியைப் பார்த்து வைத்தே பழகியவர்.

"நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம்ணே. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. எல்லாம் பாத்தாச்சுன்னு நீங்க நினைச்சுக்கிட்டிருந்தது இது ஒண்ணுதானா? மத்ததுக்கெல்லாம் நான் எதப் புடிச்சு நம்பறது?"

அதற்கு மெல்லண்ணனிடம் பதில் இருந்தது. எந்தக் கோடையில் எது மாற்றியது என்று வரிசையாகச் சொல்ல அவருக்கு முடியும். வாயைத் திறந்தார். இவ்வளவு நாளும் பெல்ட்டும் அதே வரிசையில், அதே நிச்சயத்தோடுதானே இருந்தது என்று நினைவு வந்தது. மூடிக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் யோசிக்கப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. அடுத்த மாதம் அவர் கடைவாசலில் வேறு ஒரு வண்டி நின்றது. உள்ளே ஓர் உறையில் அதன் காகிதங்களெல்லாம் அடுக்கி வந்ததாகப் பக்கத்து வண்டிக்காரர் சொன்னார். மெல்லண்ணனைப் பார்த்தால் மருந்துக்கடைக்காரர் முன்போலவே எழுந்து நின்று நலம் விசாரிப்பார். விசாரித்துவிட்டு, வேறெங்கேயாவது பார்ப்பார்.

வெளியே விற்கப் பார்த்ததில், கேட்டவர்கள் வண்டியின் வயசைத்தான் பார்த்தார்கள். அந்த வயசு வண்டிக்கு என்ன உண்டோ அதுதான் அவர்கள் சொன்ன விலை. துடைத்ததற்கும் கழுவினதற்கும் நிழலில் நகர்த்தினதற்கும் அதில் இடமில்லை. அந்த விலைக்குக் கொடுத்தால் புது வண்டியின் முன்பணத்துக்குக் கால்வாசிகூடத் தேறாது.

"குடுக்க வேணாம் மாமா" என்றார் மாப்பிள்ளை ஒருநாள். மகள் அடுப்படியில் இருந்தாள். அவள் வழியாகச் சொல்லாமல் நேராகவே சொன்னார். "இதையே ஓட்டறேன். எவ்வளவு நாள் ஓடுதோ ஓடட்டும்."

சாவி ஆணியை விட்டு மாப்பிள்ளையின் சட்டைப்பைக்கு இடம் மாறியது. சீட் பின்னால் தள்ளியபடியே இருந்தது. இழுத்து வைக்க இனி ஆளில்லை. ஸ்டாண்டில் மாப்பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. சின்ன மெல்லண்ணன் என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. அவர் கதவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை; யாராவது அறைந்து சாத்தினால் லேசாகத் தோளைக் குறுக்கிக்கொள்வதோடு சரி.

அடுத்த எண்ணெய் மாற்றத்துக்கு இருவரும் சேர்ந்தே பட்டறைக்குப் போனார்கள். வேலை முடிந்து மெக்கானிக் வழக்கம்போல ஸ்டிக்கரை எழுதி, ஒரு தயக்கத்தோடு மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மாப்பிள்ளை அதை விரல்நுனியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். மெல்லண்ணன் இடுப்பிலிருந்து பனியன் துணியை எடுத்தார். கண்ணாடியின் மேல்மூலையில் வாயால் ஊதி, ஈரம் போகத் துடைத்தார்.

"இங்க ஒட்டுங்க. நல்லா அழுத்தி."

ஒட்டியபிறகு வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தார். நேராகப் பார்த்தபோது அந்த மூலை அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடி முழுக்க முன்போலவே துல்லியமாக இருந்தது. தலையைத் திருப்பித் தேடி, அது அங்கே இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு இறங்கினார்.

காலை வேளை இன்னும் அவருடையதுதான். அதை யாரும் அவரிடமிருந்து கேட்கவில்லை. மாப்பிள்ளை கிளம்புவதற்கு முன் அவர் பானெட்டைத் தூக்கி, அளவுகோலை உருவி, துடைத்து, விட்டு, எடுத்து, விரலில் தேய்த்துப் பார்ப்பார். ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை வெளியே வந்தார். குழந்தை அவர் தோளில் இருந்தது. வாசலிலேயே கொஞ்சம் நின்றார். அவர் ஏதோ சொல்ல எடுப்பதும் விழுங்குவதும் மெல்லண்ணனுக்கு முதுகிலேயே தெரிந்தது.

"ஆயில் பாத்தீங்களா மாமா?"

கேள்வி உறைக்கத்தான் செய்தது. வண்டி வாங்கிய நாள்முதல் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அளவுகோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கோடு எங்கே இருக்கிறது, எண்ணெய் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தார். நுனியைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தார், கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"பாத்தேன்" என்றார். பிறகு அளவுகோலைத் துணியோடு சேர்த்து மாப்பிள்ளை பக்கம் நீட்டி, குழந்தையை வாங்கிக்கொள்ளக் கைகளைச் சட்டையில் துடைத்தார்.

"ஆனா சரியாத் தெரியல. நீங்களும் ஒரு தடவ பாருங்க."